பேக்கரி பூட்டியிருந்த பதினாலு நாள்

நோட்டன் பிரிட்ஜ்
14.02.1999

அன்புத் தங்கை நாகலெட்சுமிக்கு அண்ணன் சோலைமலை எழுதுவது.

முருகன் புண்ணியத்தில் நானும் உன் அண்ணி அழகம்மாவும் குறையில்லாமல் இருக்கிறோம். ராகலைக் குளிருக்கு உன் முழங்கால் எப்படி? மச்சான் பழனியாண்டியின் இருமல் நின்றதா? பிள்ளைக் காம்பராவில் இன்னும் நீ ஒருத்திதான் இருபது பிள்ளைகளையும் மேய்க்கிறாயா? தோட்டத்துத் துரையிடம் இன்னொரு ஆள் கேள். கேட்கக் கூச்சமாக இருந்தால் நான் வந்து சிங்களத்திலேயே பேசித் தருகிறேன்.

தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது, எனக்குத்தான் ஓய்வில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஆட்கள் கடிதங்களோடு வாசலில் நிற்கிறார்கள். ஈ.பி.எப். கடிதம், கரண்ட் பில், பொலிஸிலிருந்து வந்த துண்டு, எல்லாம் சிங்களம். முன் மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்கள், நான் மறுநாள் விளக்கம் சொல்லி அனுப்புகிறேன். நம்மை நம்பி வருகிற சனம், எப்படித் தட்டுவது?

ஒரு சின்ன விசயம். மகன் நிரஞ்சனை டுபாய்க்கு அனுப்ப ஏஜென்சிக்காரனுக்குக் கட்டிய காசு என் கையிலிருந்து போனது என்று நீ நினைத்திருப்பாய். இல்லை. வீட்டு உறுதிப் பத்திரத்தை இங்குள்ள அடகுக்கடை முதலாளியிடம் ஈடு வைத்தேன். மூன்று வருடமாக ஒரு மாதம் தவறாமல் வட்டி கட்டுகிறேன். இப்போது அந்த மனுசன் வீடே தன்னுடையது, காலி செய் என்று ஹட்டன் கோர்ட்டில் வழக்குப் போட்டு சம்மன்ஸ் அனுப்பியிருக்கிறார். மார்ச் 26ஆம் திகதி தவணை, அன்றைக்கு நான் கோர்ட்டில் நிற்க வேண்டும்.

பக்கத்து வீட்டு மாயாண்டியும் அதே நாளில் அதே முதலாளியிடம்தான் தன் வீட்டை வைத்தான். அவனுக்கு நவம்பரிலேயே சம்மன்ஸ் வந்தது. “கோட்டுக்கெல்லாம் போகாத, நாம பேசி முடிச்சிக்கலாம்” என்று முதலாளி சொன்னதால் அவன் போகவில்லை.

உங்கள் தோட்டத்துப் பெண்களின் ஈ.பி.எப். சிக்கலைத் தீர்த்துவைத்த லோயரம்மா ஒருவர் நுவரெலியாவில் இருப்பதாக முன்பு எழுதியிருந்தாய். சும்மா விசாரித்துப் பார். அவசரமில்லை. அழகம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. பதிலை வீட்டுக்கு அனுப்பாதே, தபால் கந்தோர் விலாசத்துக்கு எழுது. நான் போய் வாங்கிக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அண்ணன்
மு. சோலைமலை


ராகலை
24.02.1999

அண்ணனுக்கு நாகு எழுதிக்கொண்டது.

என் முழங்கால் கிடக்கட்டும், உங்கள் பிரஷர் எப்படி இருக்கிறது? மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா? இவருக்கு இருமல் குறைந்துவிட்டது, பீடி குறையவில்லை.

அண்ணே, வீடு போகப்போகிறது என்கிற விசயம் சின்ன விசயமா? கடிதத்தில் இரண்டு பாராவுக்குக் கீழே அதை ஒளித்து வைத்திருக்கிறீர்கள். தோட்டத்து லயக் காம்பராவில் பிறந்து சொந்தமாகக் கல் வீடு கட்டின முதல் ஆள் நீங்கள். அந்த வீட்டுக்குப் பால் காய்ச்சின அன்றைக்கு நான் இந்தத் தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அண்ணியிடமும் மறைத்து, என்னிடமும் மறைத்து, மூன்று வருடம் எப்படித் தூங்கினீர்கள்?

சனிக்கிழமை நுவரெலியா போனேன். லோயரம்மா பெயர் ஊர்மிளா, யாழ்ப்பாணத்து ஆள். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து காசு வாங்காமல் ஆலோசனை சொல்கிறார். எனக்கு முன்னால் பதினெட்டுப் பேர். உங்களைப் பற்றிச் சொல்லும்போது, “எங்க அண்ணனுக்கு மூணு பாசை தெரியுமுங்க மிஸ்” என்று பெருமையாக ஆரம்பித்தேன். அவர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

அவர் கேட்டது இதுதான்: “உறுதி என்ன பாசையில எழுதினது? அண்ணை வாசிச்சுப் பாத்துத்தான் கையெழுத்து வச்சவரோ? ஆரும் வாசிச்சு விளங்கப்படுத்தினவையோ? இந்த மூண்டையும் கேட்டு எழுதுங்கோ. உறுதியின்ர கொப்பியும் வேணும்.”

உடனே அனுப்புங்கள். வட்டி கட்டின துண்டுகள் இருந்தால் அதையும். மாயாண்டி அண்ணனையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்.

அண்ணியிடம் சொல்லிவிடுங்கள். தபால் கந்தோருக்குக் கடிதம் எழுதுவது கள்ளத்தனம் மாதிரி இருக்கிறது.

தங்கை
நாகலெட்சுமி


நோட்டன் பிரிட்ஜ்
10.03.1999

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பிரஷர் பார்க்கவில்லை. பார்த்தால்தானே அது ஏறும்.

இந்தப் பருவத்தில் நல்லதண்ணிக்குக் கூட்டம் அள்ளுகிறது. மலை ஏறுகிற சனத்தை ஏற்றிக்கொண்டு பஸ்கள் ஹட்டனிலிருந்து நிறைமாதக்காரி மாதிரி போகின்றன. நம் ஆட்கள் சந்தைக்குப் போக இடமில்லை. போன ஞாயிறு ஒரு டிரைவரோடு நான்தான் சிங்களத்தில் சண்டை போட்டு ஆறு பேரை ஏற்றிவிட்டேன்.

உறுதியின் கொப்பி இதோடு வருகிறது. வட்டித் துண்டுகளும் முப்பதுக்கு மேல் இருக்கின்றன, நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். உறுதி சிங்களத்தில்தான். கினிகத்தேனையில் பத்திரம் எழுதுகிற நொத்தாரிஸ் எழுதியது. மற்றக் கேள்விகளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருசம் ஊர்க் கடிதமெல்லாம் பார்த்தவன் தன் காகிதத்தைப் பார்க்காமலா கையெழுத்துப் போடுவான்?

மாயாண்டி இப்போதைக்கு வரமாட்டான். முதலாளி பேசுவார் என்று இருக்கிறான்.

மச்சானுக்குக் கற்பூரவள்ளிச் சாறு கொடு.

அண்ணன்
சோலைமலை


ராகலை
21.03.1999

அண்ணனுக்கு,

இங்கே மழை. துணி காயவில்லை, ஆனால் எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். நீங்களும் அண்ணியும் அப்படியே இருக்க வேண்டும்.

லோயரம்மா உங்கள் உறுதியை இரண்டு தரம் வாசித்தார். அது ஈடு இல்லை அண்ணே. வீட்டை விற்றதாக எழுதியிருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் முழுக் காசையும் கட்டினால் திருப்பி எழுதித் தருவார், கட்டாவிட்டால் வீடு அவருக்கே சொந்தம். அந்த இரண்டு வருடம் போன வருடமே முடிந்துவிட்டது. நீங்கள் அதற்குப் பிறகும் வட்டி கட்டியிருக்கிறீர்கள், அவரும் வாங்கிக்கொண்டிருக்கிறார். “அது நல்லது, அந்தத் துண்டெல்லாம் பத்திரம்” என்கிறார் லோயரம்மா.

ஆனால் உங்கள் பதிலை வாசித்துக் காட்டியபோது பேனாவை மூடி வைத்துவிட்டார். “வாசிக்கத் தெரியாத ஆளிட்ட ஈடு எண்டு சொல்லி விலை உறுதியில கையெழுத்து வாங்கியிருந்தா எனக்குச் சொல்லுறதுக்கு நிறைய இருக்கு. வாசிச்சு விளங்கிப் போட்டதெண்டா கதை வேற. அண்ணை என்னத்த வாசிச்சவர் எண்டு திருப்பிக் கேளுங்கோ.”

நானும் திருப்பிக் கேட்கிறேன். இரண்டு வருடம் என்று அதில் கொட்டை எழுத்தில் இருக்கிறதாமே. அதைப் படித்துவிட்டுமா பேசாமல் இருந்தீர்கள்?

26ஆம் திகதி ஹட்டனுக்கு அவரே வருகிறார். நீங்கள் ஒன்பது மணிக்குக் கோர்ட் வாசலில் நில்லுங்கள், நீல நிறப் பையோடு வருவார். இன்னொன்றும் சொல்லச் சொன்னார்: கோர்ட்டுக்குப் போகாத ஆளுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதிவிடுவார்களாம். அந்தத் தீர்ப்புக் காகிதம் கைக்கு வந்து பதினாலு நாளைக்குள் போய்க் காரணம் சொன்னால்தான் உண்டு. அதற்குப் பிறகு கதவு பூட்டியதுதான். மாயாண்டி அண்ணனுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். கோர்ட்டிலிருந்து என்ன துண்டு வந்தாலும் அன்றைக்கே லோயரம்மாவிடம் வரவேண்டும்.

தங்கை
நாகு


நோட்டன் பிரிட்ஜ்
11.04.1999

அன்புள்ள தங்கைக்கு,

வருசப் பிறப்புக்கு உனக்கும் மச்சானுக்கும் எங்கள் இருவரின் ஆசிகள். அழகம்மா பலகாரம் சுட்டுக்கொண்டிருக்கிறாள். உனக்கும் ஒரு டின் முறுக்கு கொடுத்தனுப்புகிறோம், வருகிற ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

26ஆம் திகதி போனேன். லோயரம்மா நல்ல மாதிரியான பிள்ளை. எனக்காகப் பேசுவதற்குப் பிரொக்சியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஜூன் வரை தவணை எடுத்துக் கொடுத்தார். என்னிடமும் அதே கேள்வியைக் கேட்டார். கோர்ட் வராந்தாவில் நம் ஊர் ஆட்கள் நாலைந்து பேர் பக்கத்தில் நின்றார்கள். பிறகு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஊர் வெறிச்சென்று கிடக்கிறது. சிங்கள ஆட்கள் எல்லாம் வருசத்துக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். பேக்கரியும் பூட்டு. அங்கே வேலை செய்கிற சோமபால வெள்ளிக்கிழமையே மாத்தறைக்குப் போய்விட்டான், இனி 26ஆம் திகதிதான் வருவானாம். பாண் இல்லாமல் காலையில் ரொட்டிதான்.

மாயாண்டிக்கு வெள்ளிக்கிழமை கோர்ட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நேற்று என்னிடம் கொண்டுவந்தான். பார்த்தேன். தவணைதான் தள்ளிப் போயிருக்கிறது. பயப்படாதே என்று சொல்லி அனுப்பினேன்.

அண்ணன்
சோலைமலை


ராகலை
20.04.1999

அண்ணே,

இங்கே எல்லோரும் நலம். முறுக்கு வந்தது, பாதி தூள், ஆனாலும் ருசி. அண்ணிக்குச் சொல்லுங்கள்.

மாயாண்டி அண்ணனுக்கு வந்த காகிதத்தை லோயரம்மா பார்க்க வேண்டுமாம். வருசத்துக்கு மண்டபம் பூட்டியிருந்ததால் இன்றைக்குத்தான் அவரைப் பிடித்தேன். விசயத்தைச் சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டார். “கோட்டுக்குப் போகாத ஆளுக்குத் தவணைக் கடிதம் ஏன் வருது?” என்கிறார். எவ்வளவு கசங்கியிருந்தாலும் பரவாயில்லை, அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மாயாண்டி அண்ணனை முதல் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். வெள்ளிக்கிழமையோடு பதினாலு நாள் முடிகிறது.

அவசரமாக எழுதுகிறேன், பிள்ளைகள் அழுகின்றன.

நாகு


நோட்டன் பிரிட்ஜ்
04.07.1999

அன்புள்ள தங்கைக்கு,

நீ எழுதிய மூன்று கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். காய்ச்சல் வந்து கிடந்தேன். இப்போது பரவாயில்லை. நீங்கள் இருவரும் சுகம்தானே?

ஏப்ரலில் நீ அவசரமாக எழுதியது 27ஆம் திகதிதான் என் கைக்கு வந்தது. வருச விடுமுறையில் தபால் தேங்கிவிட்டது.

மாயாண்டியின் வீடு போய்விட்டது. புதன்கிழமை காலை கோர்ட்டிலிருந்து பிஸ்கால் உத்தியோகத்தர் இரண்டு பொலிஸாரோடு வந்தார். சாமான்களைத் தெருவில் எடுத்து வைத்தார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. அவன் பெண்சாதி அம்மாக்கண்ணுவின் அம்மியை இரண்டு பேர் தூக்கி வந்து சாக்கடை ஓரத்தில் போட்டார்கள். பத்து மணிக்குள் புதுப் பூட்டு விழுந்துவிட்டது. பழைய தோட்டத்தில் அம்மாக்கண்ணுவின் தம்பி லயத்தில் இப்போது இருக்கிறார்களாம், பத்தடிக் காம்பராவில் ஒன்பது பேர்.

அவன் வந்த காகிதத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டான். நான் என்ன செய்ய முடியும்?

அண்ணன்


ராகலை
25.07.1999

அண்ணனுக்கு நாகலெட்சுமி எழுதுவது.

காய்ச்சல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

போன செவ்வாய்க்கிழமை அம்மாக்கண்ணு அக்கா இங்கே வந்தார்கள். அவர்களுடைய பெரியம்மா மகள் எங்கள் தோட்டத்தில்தான் இருக்கிறாள். ஒரு பிளேன்டி ஊற்றிக் கொடுத்துவிட்டு, “காயிதம் வந்தத கவனிக்காம இருந்துட்டீங்களே அக்கா” என்று கேட்டேன். அண்ணே, நான் அதைக் கேட்டேன். அவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

“கவனிக்காம என்ன தங்கச்சி? வந்த மறுநாளே கணக்கப்பிள்ளை அண்ணன்கிட்டதான் குடுத்தாங்க. அவரு கண்ணாடிய போட்டு நல்லா பாத்துட்டுத்தான் தவணை தள்ளிப் போயிருக்குன்னு சொன்னாரு. அதான் சும்மா இருந்தோம். அவரு மேல தப்பு இல்ல, அவசரத்துல பாத்திருப்பாரு.”

என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, தெருவில் நின்ற அந்த மனுசி உங்களுக்கு வக்காலத்து வாங்குகிறார்கள். எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது.

அன்று ராத்திரி ஒன்றை யோசித்தேன். நாம் இருவரும் ஒரே தோட்டப் பள்ளிக்கூடம். ஒரே வாத்தியார். ஐந்தாம் வகுப்போடு எல்லோருக்கும் படிப்பு முடிந்தது. அங்கே தமிழும் கணக்கும்தான் சொல்லிக் கொடுத்தார்கள், சிங்கள எழுத்தை யாரும் கரும்பலகையில் எழுதி நான் பார்க்கவில்லை. சிங்களம் பேச நீங்கள் கடைத்தெருவில் கற்றுக்கொண்டீர்கள். வாசிக்க எங்கே படித்தீர்கள் அண்ணே?

இத்தனை வருடமாக எனக்கு இது தோன்றவே இல்லை. யாருக்குமே தோன்றவில்லை.

லோயரம்மா செப்டம்பர் 10 வரை தவணை வாங்கியிருக்கிறார். அதோடு சரி, இனித் தரமாட்டார்களாம். நீங்கள் உண்மையை எழுதினால் எழுதுங்கள். இல்லாவிட்டால் சுகம் கேட்டும் எழுத வேண்டாம்.

நாகலெட்சுமி


நோட்டன் பிரிட்ஜ்
15.08.1999

தங்கச்சி,

சுகம் விசாரிக்கிற முகம் எனக்கு இல்லை. நேராகவே எழுதுகிறேன்.

எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. ஒரு எழுத்தும் தெரியாது.

இதை எழுதிவிட்டு அரை மணி நேரம் வெளியே போய் நின்றேன். இப்போது திரும்ப வந்து எழுதுகிறேன்.

கணக்கப்பிள்ளை ஆன புதிதில் ஒரு கிழவர் பொலிஸ் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். “நீங்கதான் அவங்களோட சரளமா பேசுறீங்களே, இதப் பாத்துச் சொல்லுங்க.” தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் சொல்லவில்லை. “நாளைக்கு வாங்க” என்றேன். அன்று சாயங்காலம் பேக்கரியில் கேட்டுத் தெரிந்துகொண்டு மறுநாள் சொன்னேன். அவர் என்னைக் கும்பிட்டார். அந்தக் கும்பிடுதான் என்னைக் கெடுத்தது. அப்போது இருந்தவன் போய் இப்போது சோமபால. ஒரு டீயும் ஒரு சிகரட்டும் வாங்கிக் கொடுத்தால் அடுப்படியில் நின்று எல்லாக் கடிதத்தையும் வாசித்துச் சொல்வான். முப்பது வருடமாக அந்த முன் மேசையில் நடந்தது இதுதான். சின்னத்தையும் முத்திரையையும் பார்த்து எந்தக் கந்தோர் என்று கண்டுபிடிப்பேன். இலக்கங்கள் தெரியும். மிச்சத்தைச் சோமபால சொல்லுவான்.

நொத்தாரிஸ் கந்தோரில் நாளைக்கு வா என்று சொல்ல முடியவில்லை. முதலாளி ஈடு என்றுதான் எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தார். நொத்தாரிஸ் காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போய் வேறு வேலை பார்த்தார். நான் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன். எவ்வளவு நேரம் பார்த்தால் வாசித்த மாதிரி இருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுத் திருப்பினேன். அவர் வந்து, “கியெவ்வாத?” என்றார். வாசித்தாயா என்று. “ஒவ் மாத்தயா” என்றேன், ஆமாம் ஐயா என்று. தமிழில் விளங்கப்படுத்த ஆள் கூப்பிடட்டுமா என்றுகூடக் கேட்டார். வேண்டாம் என்றேன். மாயாண்டிக்கு நானே விளங்கப்படுத்துவேன் என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். “ஈடுதான், எல்லாம் சரியா இருக்கு” என்றேன். அவன் உறுதியில் வாசித்துக் காட்டிய சாட்சி என்று என் கையெழுத்து இருக்கிறது, நாகு. லோயரம்மாவின் கேள்விக்கு நான் பதில் சொல்லாததற்கு அதுதான் காரணம். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொன்னால், அவனுக்கு எப்படி வாசித்துக் காட்டினாய் என்று அடுத்த கேள்வி வரும்.

ஏப்ரலில் அவன் காகிதம் கொண்டுவந்தபோது பேக்கரி பூட்டு. நாளைக்கு வா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மாக்கண்ணு வாசலில் அழுதுகொண்டு நின்றாள். கோர்ட் முத்திரை தெரிந்தது, ஒரு திகதி தெரிந்தது. உன் கடிதத்தில் பதினாலு நாள் என்று எழுதியிருந்ததும் ஞாபகம் இருந்தது. இருந்தும் தவணை என்று சொன்னேன். பதினாலு நாளும் அந்தப் பேக்கரிக் கதவைப் போய்ப் பார்த்தேன். தபால் கந்தோரில் இருப்பவரும் சிங்களம் வாசிப்பார். அவரிடம் கேட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று கேட்கவில்லை. அவன் கொண்டுவந்த காகிதம் என் மேசையிலேயே கிடந்தது, 26ஆம் திகதி சோமபால வந்து வாசித்தான். “உன் சினேகிதன் தோற்றுவிட்டான், பதினாலு நாளுக்குள் போகச் சொல்லியிருக்கிறது” என்றான். மூன்று நாள் தாண்டியிருந்தது.

அன்றைக்காவது மாயாண்டியிடம் ஓடியிருக்க வேண்டும். போகவில்லை.

பிஸ்கால் வந்த அன்று நான் வீட்டுக்குள்தான் இருந்தேன். மாயாண்டி மழையில் நின்றுகொண்டு என் வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டான். “கணக்கப்பிள்ளே, கொஞ்சம் வாங்க. இவருகிட்ட சிங்களத்துல ஒரு வார்த்த பேசுங்க.” இரண்டு தடவை கூப்பிட்டான். அழகம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். நான் சன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன்.

அவன் கவனிக்கவில்லை என்று உனக்கு எழுதினேன் பார், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சோலைமலை


ராகலை
23.08.1999

அண்ணே,

உங்கள் கடிதத்தைப் பிள்ளைக் காம்பராவில் வைத்துப் பிரித்தேன். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு இரண்டு தரம் வாசித்தேன்.

உங்களுக்கு வாசிக்கத் தெரியாததில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எனக்கும்தான் தெரியாது, இந்த மலையில் பாதிச் சனத்துக்குத் தெரியாது. திரைக்குப் பின்னால் நின்றீர்களே, அதில்தான் கோபம். உங்கள் கடிதங்களைப் பக்கத்து வீடுகளுக்கு வாசித்துக் காட்டிப் பெருமை அடித்தவள் நான். லோயரம்மாவிடம் மூன்று பாசை என்றேன். அதை அவர் எழுதியும் வைத்திருக்கிறார். அதை அடிக்கச் சொல்லி நானே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். கேட்காமல் கொடுத்ததற்குத் திட்ட விரும்பினால் திட்டுங்கள். வாசித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். “அண்ணைக்கு இப்ப சொல்லுறதுக்கு வழக்கு இருக்கு. மாயாண்டி ஐயாவுக்குக் கதவு பூட்டுப்பட்டுப் போச்சு. எண்டாலும் தட்டிப் பாக்கலாம். அந்தக் காயிதத்தைப் பிழையாச் சொன்னது தான்தான் எண்டு அண்ணை கோட்டில ஏறி நிண்டு சொல்லவேணும். சொன்னாலும் கிடைக்குமெண்டு நான் சொல்லமாட்டன்.”

நான் கேட்டேன், கோர்ட்டில் எல்லோருக்கும் முன்னாலா என்று. “வேற எங்க?” என்றார்.

ஆனால் கோர்ட்டுக்கு முன்னால் இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும். முதலில் அண்ணிக்கு. பிறகு லயத்துக்குப் போய் மாயாண்டி அண்ணனுக்கு. நீங்கள் சொல்லி அவருக்குத் தெரிய வேண்டும், கூண்டில் நிற்கும்போது தெரியக்கூடாது.

மாத்திரை போடுங்கள். நீங்கள் விழுந்துவிட்டால் யார் வந்து சொல்வது?

நாகு


நோட்டன் பிரிட்ஜ்
12.03.2000

அன்புள்ள தங்கைக்கு,

அழகம்மாவுக்கு இடுப்பு வலி. எனக்குப் பிரஷர் கூடியிருப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். மறைக்காமல் எழுதுகிறேன். உன் முழங்காலையும் அப்படியே எழுது.

அழகம்மாவிடம் சொன்ன அன்று அவள் வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “வீடு போனா போகுது. அந்த அம்மாக்கண்ணு மூஞ்சிய நான் எப்படிப் பாக்குறது?” என்றாள்.

மாயாண்டியிடம் நான் லயத்துக்குப் போய்ச் சொன்னதை உனக்கு எழுத இவ்வளவு நாள் ஆனது. காம்பராவில் இடமில்லாததால் அவன் வெளியில் தண்ணீர்ப் பீலியடியில் உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். திட்டுவான், அடிப்பான் என்று போனேன். அவன் கேட்டது ஒன்றுதான். “அப்ப எங்க அப்பா செத்ததுக்கு வந்த தந்தி? அதாவது சரியா சொன்னீங்களா?” சரிதான், பேக்கரியில் கேட்டுத்தான் சொன்னேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டான்.

என்னுடைய வழக்கு நடக்கிறது. மாயாண்டிக்காக லோயரம்மா போட்ட மனு போன மாதம் 24ஆம் திகதி விசாரணைக்கு வந்தது. கோர்ட் நிறையச் சனம். பாதிப் பேர் என் மேசைக்குக் கடிதம் கொண்டுவந்தவர்கள். முதலாளியின் லோயர் உறுதியை என் கையில் கொடுத்து முதல் வரியை வாசி என்றார். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்கும் முன்பே நான் சிங்களத்தில், “மட்ட கியவன்ன பே மாத்தயா” என்றுவிட்டேன். எனக்கு வாசிக்கத் தெரியாது ஐயா. இவ்வளவு நன்றாகப் பேசுகிறவனுக்கு வாசிக்கத் தெரியாதா என்று அவர் கேட்கவும் பின்னால் சிரிப்புச் சத்தம். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் நின்றது. ஏப்ரல் மாதக் காகிதம், பேக்கரி, பதினாலு நாள், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது மாயாண்டி இருந்த பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லி முடித்திருக்கமாட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வருவதில்லை. கடைத்தெருவில் எதிரே வருகிறவர்கள் பழைய மரியாதையில் தோள் துண்டை எடுக்கப் போய், ஞாபகம் வந்து விட்டுவிடுகிறார்கள். முன் மேசையை அழகம்மா சமையலறைக்கு எடுத்துப் போய்விட்டாள். அதில் வைத்து மரக்கறி வெட்டுகிறாள்.

இரண்டு நாளைக்கு முன் எனக்குப் பதிவுத் தபாலில் ஒரு காகிதம் வந்தது. அன்று சாயங்காலம் மாயாண்டி வந்தான். வாசல்படி ஏறவில்லை, அழகம்மா கூப்பிட்டும் ஏறவில்லை. அவனுக்கும் ஒன்று வந்திருக்கிறது. உறையைப் பிரிக்காமலே என்னிடம் நீட்டினான்.

“நீங்க பாக்க வேணாம். தங்கச்சிக்கு அனுப்பி அந்த லோயரம்மாவக் கேக்கச் சொல்லுங்க.”

வாங்கிக்கொண்டேன். அவன் போய்விட்டான்.

இரண்டு காகிதங்களும் இதோடு வருகின்றன. இரண்டும் சிங்களத்தில் இருக்கின்றன. சோமபாலவிடம் காட்டவில்லை. பதினாலு நாள் என்று ஏதாவது இருந்தால் இன்றைக்கு மூன்றாவது நாள். இவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டு எழுது.

பதிலை வீட்டு விலாசத்துக்கே அனுப்பு.

அண்ணன்
சோலைமலை